மேற்பார்வையாளர் வாயில் பழமொழி: புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அரை மணி நேரத்துக்குள் ஒரு பழமொழி காதில் விழும். காசாளர் சொல்வார், களஞ்சியத்தில் மூட்டை அடுக்குபவர் சொல்வார், முதலாளி கணக்கு வழக்கில்லாமல் சொல்வார். ஆறு பேருக்கோ பதினாறு பேருக்கோ பொறுப்பாக நீங்கள் நேற்றுத்தான் நியமிக்கப்பட்டிருந்தால், நாளையில் இருந்து உங்கள் வாயிலும் அது தானாக வரும். அதை எப்படிச் சொன்னால் ஆட்கள் மனம் ஒன்றி வேலை செய்வார்கள், எப்படிச் சொன்னால் மறுமாதமே விலகல் கடிதத்தை நீட்டுவார்கள் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். கட்டடப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் பதினெட்டு வருடம் இருந்தவன் நான். எழுதப்போவதில் பாதி, நானே பிழை விட்டுப் படித்தது.

முதல் பிழையைச் சொல்லிவிடுகிறேன். பொறுப்பேற்ற மூன்றாவது மாதம், பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வெளிச்சுவருக்குக் கேட்ட பெயின்ற்றுக்குப் பதிலாக உட்சுவர்ப் பெயின்ற்றை ஏற்றி அனுப்பிவிட்டான். வாடிக்கையாளர் திரும்பி வந்து சத்தம் போட்டார். அவர் முன்னாலேயே, "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். திங்கட்கிழமை அவன் வேலைக்கு வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. வார முடிவில் அவனுடைய தாயார் வந்து மிகுதிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, என்னை நிமிர்ந்தும் பார்க்காமல் போனார். வாளிகளில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தது. 'வெளி', 'உள்' என்று தமிழில் எழுதி ஒட்டலாம் என்று அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

அன்றில் இருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு பழமொழி வாய்க்கு வந்தால் அதை முதலில் என் பக்கம் திருப்பிப் பார்ப்பேன். அந்த நாளில் அப்படிப் பார்த்திருந்தால் கற்பூர வாசனை தெரியாத கழுதை யார் என்பது தெளிவாகவே தெரிந்திருக்கும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு வழக்கத்தின் விரிவுதான்.

முதல் படி: இரண்டு வாரம் காது மட்டும்

உடனே பழமொழி சொல்லத் தொடங்காதீர்கள். சட்டைப்பைக்குள் அடங்கும் குறிப்புப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, உங்கள் இடத்தில் ஏற்கெனவே புழங்கும் பழமொழிகளை எழுதுங்கள். பழமொழியைவிட, யார் யாருக்கு, எந்த நேரத்தில் சொன்னார் என்பது முக்கியம். "அடியாத மாடு படியாது" என்று முதலாளியின் மருமகன் அடிக்கடி சொன்னால், ஆட்கள் ஏன் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள் என்பது விளங்கும். பின்பக்கத்தில் பிளேன்ரீ குடிக்கும்போது ஒருவர், "மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்" என்றால், அது புகார். எழுத்தில் தரத் துணியாத புகார். யாரோ ஒருவருக்கு லீவு கிடைத்திருக்கிறது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. தேடிப் பாருங்கள், கட்டாயம் இருக்கும்.

பணி ஈடுபாடு என்பதை அளக்கப் பெரிய நிறுவனங்கள் கேள்விக்கொத்துக் கொடுக்கின்றன. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் கடையில் கேள்விக்கொத்துக் கொடுத்தால் எல்லோரும் 'மிக நன்று' என்று போட்டுவிட்டுப் போவார்கள், ஏனென்றால் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். குறிப்புப் புத்தகம் பொய் சொல்லாது.

ஈடுபாடு என்றால் என்ன என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். 1990 இல் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் கான், கோடைகால முகாம் ஒன்றிலும் கட்டடக்கலை நிறுவனம் ஒன்றிலும் வேலை செய்தவர்களை ஆராய்ந்து, ஒருவர் தன்னை முழுமையாக வேலைக்குள் கொண்டுவர மூன்று வேண்டும் என்றார்: செய்யும் வேலைக்குப் பொருள் இருக்க வேண்டும், வாய் திறந்தாலோ பிழை விட்டாலோ தலை போகாது என்ற நம்பிக்கை இருக்க வேண்டும், உடலிலும் மனதிலும் அதற்குத் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். எனக்கு இது பிடித்ததற்குக் காரணம், நம் ஊர்க் கடைகளில் குறைவது பெரும்பாலும் இரண்டாவதுதான். பழமொழி அதிகம் காயப்படுத்துவதும் அதையேதான்.

இரண்டாம் படி: குப்பையில் போட வேண்டியவை

1843 இல் மெதடிஸ்த மிஷனறியான பீற்றர் பேர்சிவல் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார். 1874 இல் அவர் வெளியிட்ட விரிந்த தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேல் இருந்தன. அவ்வளவும் முன்னோர் வாக்கு என்று எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. "பதறிய காரியம் சிதறும்" என்று சொன்ன அதே முன்னோர்தான் "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்றும் சொன்னார்கள். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது.

சாதியைத் தொடும் எதுவும் வேலையிடத்துக்கு ஆகாது. "குலவித்தை கல்லாமற் பாகம்படும்", அதாவது குலத்துக்குரிய வேலை படிக்காமலே கைவரும் என்பது, கேட்கப் புகழ்ச்சி போல இருக்கும். நம் ஊரில் அதைக் கேட்பவருக்கு அது எங்கே போய்க் குத்தும் என்று சொல்பவருக்கே தெரியும். பெண்களைப் பற்றிய "பின்புத்தி" வகை முழுவதும் அப்படியே. ஊனத்தை வைத்துச் சொல்லும் பழமொழிகளும் வேண்டாம். போர் முடிந்த மண்ணில், உங்கள் களஞ்சியத்தில் நடக்கச் சிரமப்படும் ஒருவர் ஏன் அப்படி நடக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1995 இடப்பெயர்வையும் 2009 ஐயும் கடந்து வந்தவரிடம் "பட்ட காலிலே படும்" என்று ஆறுதல் போலச் சொல்லாதீர்கள். ஆறுதல் சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் இருந்து தேநீர் குடியுங்கள், போதும்.

வயதில் மூத்தவருக்குக் கணினியில் பற்றுச்சீட்டுப் போடப் பழக்கும்போது "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று முணுமுணுக்கும் இளைஞர்கள் உண்டு. இதை நான் நேரில் தடுத்திருக்கிறேன். அந்த ஐம்பது வயதுக்காரர் இரண்டு மாதத்தில் பழகிவிட்டார். முணுமுணுத்தவர் அதற்குள் வேறு கடைக்குப் போய்விட்டார்.

இன்னும் சில, பார்வைக்கு நல்லவை, முதலாளி பக்கத்தில் இருந்து வரும்போது மட்டும் நஞ்சாகிவிடும். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று உப்பை உண்டவர் சொல்லலாம், போட்டவர் சொல்லக்கூடாது. அதிலும் சம்பளம் உப்பே இல்லை, செய்த வேலையின் விலை. "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று சம்பளம் பிந்திய மாதத்தில் சொல்பவரைக் கண்டிருக்கிறேன். "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்று சொல்லிப் பழைய தராசையே தலையில் கட்டுவார்கள். "இக்கரை மாட்டுக்கு அக்கரை பச்சை" என்பது யாழ்ப்பாணத்துக்கே உரிய ஆபத்து. எந்தக் கடையிலும் கனடாவுக்கோ பிரான்சுக்கோ அலுவல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவராவது இருப்பார். அவரை மாடாக்கி மறிக்க முடியாது. இருக்கும் மாதங்களில் அவர் இன்னொருவருக்கு வேலையைப் பழக்கிவிட்டுப் போகும்படி மரியாதையாகக் கேளுங்கள். அநேகமாகச் செய்வார்கள்.

மூன்றாம் படி: சட்டியைப் பாருங்கள்

"சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்." இதைச் சொல்வதற்கு முன் சட்டிக்குள் எட்டிப் பாருங்கள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் உரிய 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழமையான வேலை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 சதவீதம் கட்ட வேண்டும், அதற்காகச் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்ட முடியாது. இவை ஒழுங்காகப் போகின்றனவா என்று கணக்காளரிடம் கேட்பது மேற்பார்வையாளருக்கு மீறிய காரியம் இல்லை. போகவில்லை என்றால், நீங்கள் சொல்லும் எந்தப் பழமொழியும் பின்பக்கத்தில் வேறு விதமாக முடித்துச் சொல்லப்படும்.

நான்காம் படி: மூன்றே மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு செயல்

ஒரு வருடத்துக்கு மூன்று பழமொழி போதும். கூடினால் நீங்கள் பட்டிமன்றப் பேச்சாளர் ஆகிவிடுவீர்கள். ஒவ்வொரு பழமொழியோடும் நீங்கள் செய்யும் ஒரு காரியம் கட்டப்பட்டிருக்க வேண்டும். என்னுடைய மூன்றைச் சொல்கிறேன். உங்கள் இடத்துக்கு வேறு பொருந்தலாம்.

எல்லாவற்றிலும் எனக்கு உதவியது "எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும்" என்பதுதான். எங்கள் கடையில் தரைக்குப் பதிக்கும் ரைல்ஸ் பெட்டிகள் இறக்கும்போது உடைந்துகொண்டே இருந்தன. முதலாளி உடைந்ததற்குக் காசு வெட்டச் சொன்னார். வெட்டினால் உடைவது நிற்காது, உடைந்ததை ஒளிப்பது தொடங்கும். எனவே ஒரு மாலை ஆட்களைக் கூப்பிட்டு, "இது கொதிக்கிறது. எரிகிறது எது என்று சொல்லுங்கள். பெயர் சொல்ல வேண்டாம், விறகைச் சொல்லுங்கள்" என்றேன்.

நீண்ட மௌனம். பிறகு லொறிச் சாரதியின் உதவியாளன் சொன்னான்: "கொழும்பு லொறி வந்து சேர்வது பகல் ஒரு மணிக்கு, அண்ணை. அது சாப்பாட்டு நேரம்." பசியோடு இறக்கினார்கள், விரைவாக முடித்துவிட்டுச் சாப்பிடப் போகும் அவசரத்தில். இன்னொருவர், தள்ளுவண்டிலின் வலப்பக்கச் சில்லு ஆடுவதைச் சொன்னார். மூன்றாமவர், ஒரு வகைப் பெட்டியில் அட்டை மெல்லியது, இரண்டுக்கு மேல் அடுக்கக்கூடாது என்றார். இவை மூன்றும் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தன. ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்து இரண்டு மணிக்கே லொறியைத் திறப்பது என்று மாற்றினோம். சாரதி முறுமுறுத்தார், அவருக்கும் சேர்த்துச் சோறு கொடுத்ததும் சரியாகிவிட்டது. சில்லு மாற்றினோம். உடைவது முழுவதும் நிற்கவில்லை, ஆனால் காசு வெட்டும் பேச்சு நின்றது. அதற்குப் பிறகு எந்தச் சிக்கல் வந்தாலும் ஆட்களே "விறகு எது?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பழமொழி அரைவாசியாகச் சுருங்கிக் கடையின் சொல்லாகிவிட்டது.

இதைச் செய்ய விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விறகு சில வேளை நீங்களாக இருப்பீர்கள். அதைச் சொல்ல அவர்களுக்கு இடம் வேண்டும். கூட்டத்தில் சொல்லமாட்டார்கள். தனியாகப் போகும்போது கேளுங்கள்.

இரண்டாவது, "ஆனைக்கும் அடி சறுக்கும்." இதை மற்றவர் சறுக்கியபோது சொன்னால் தட்டிக்கொடுத்தல் போல இருக்கும், கொஞ்சம் கேலியும் கலந்திருக்கும். நான் சறுக்கியபோது சொல்லத் தொடங்கினேன். சனிக்கிழமை கடை பூட்டுவதற்கு முன் பத்து நிமிடம் நின்றபடி பேசுவோம். அந்த வாரம் நான் விட்ட பிழையை முதலில் சொல்வேன்: சீமெந்துக்குப் பிந்தி ஓடர் கொடுத்தது, விலைப்பட்டியலைத் திருத்த மறந்தது. முதல் ஐந்தாறு வாரம் நான் மட்டும்தான் சொன்னேன், சங்கடமாகத்தான் இருந்தது. ஏழாவது வாரம் காசாளர் அக்கா தன் பிழை ஒன்றைச் சொன்னார். கான் சொன்ன இரண்டாவது, அந்தத் தலை போகாது என்ற நம்பிக்கை, எங்கள் கடைக்குள் அன்றுதான் வந்தது என்று நினைக்கிறேன்.

மூன்றாவதை வெளியே சொல்லவே கூடாது, உங்களுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்: "ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற." ஆட்களை மாடு என்று சொல்லி யாரும் மனம் வென்றதில்லை. ஆனால் சொல்லும் விஷயம் சரி. எல்லோர் முன்னாலும் பாராட்டினால் ஒருவருக்கு முகம் மலரும், இன்னொருவர் கூசிப் போவார். ஒருவருக்கு மேலதிக நேரக் காசு வேண்டும், இன்னொருவருக்குப் பிள்ளையை ரியூசனில் இருந்து கூட்டிவர ஐந்தரைக்குப் போக வேண்டும். குறிப்புப் புத்தகத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மாதம் ஒரு முறை ஒவ்வொருவரோடும் கால் மணி நேரம் கதையுங்கள், வேலையைப் பற்றி மட்டும் இல்லாமல். "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்பது நடைமுறையில் உண்மை என்பதால்தான், அழாத பிள்ளையிடம் நீங்களாகப் போக வேண்டியிருக்கிறது. எங்கள் கடையில் நல்ல வேலைகாரர்கள் விலகியபோதெல்லாம் விலகியது சத்தம் போடாதவர்கள்தான்.

ஐந்தாம் படி: பாதியைச் சொல்லி நிறுத்துங்கள்

நம் ஆட்களுக்குப் பழமொழியின் முன்பாதியைச் சொன்னால் பின்பாதி தானாக வாயில் வரும். "அடி மேல் அடி அடித்தால்..." என்று நிறுத்துங்கள். யாராவது ஒருவர் அம்மியை நகர்த்தியே தீருவார். முழுவதையும் நீங்களே சொன்னால் அது உபதேசம், அவர் முடித்தால் அது அவருடைய சொல். வாடிக்கையாளர் நிற்கும்போது வேண்டாம், சம்பள நாளில் வேண்டாம், ஒருவர் கோபத்தில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். அச்சடித்துச் சுவரில் தொங்கவிடுவதும் வீண். பக்கத்தில் தொங்கும் நாட்காட்டியையாவது திகதி பார்க்கத் திரும்பிப் பார்ப்பார்கள். வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூப்படத்தோடு போடுவது அதிலும் கேவலம்.

பழமொழி விளங்காத இளையவர்களும் இருப்பார்கள். அம்மியையே பார்த்திராத பையனுக்கு அம்மி எப்படி நகரும் என்று விளங்காது. ஒரு வரியில் சொல்லிக் கொடுங்கள், கேலி செய்யாதீர்கள். சிங்களம் பேசும் ஊழியர் இருந்தால் அவருடைய மொழியில் அதற்கு என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள். தேநீர் நேரம் இனிதாகப் போகும்.

திருவிழாக் காலம்

நல்லூர் திருவிழா 25 நாள். 24 ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். அந்த நாட்களில் வெளிநாட்டில் இருந்து சனம் வந்து இறங்கும், வியாபாரம் கூடும், ஆட்கள் எல்லோரும் ஒரே நாளில் லீவு கேட்பார்கள். உங்கள் மூன்று பழமொழிகளும் சோதனைக்கு வருவது இப்போதுதான். "ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்" என்று சொல்லி லீவை மறுப்பது முட்டாள்தனம், ஏனென்றால் அவர் கேட்பதே தேர் இழுக்கப் போகத்தான். ஒரு மாதத்துக்கு முன்பே வெற்றுப் பட்டியலைப் பின்பக்கத்தில் ஒட்டி, அவர்களையே நாட்களைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் உங்கள் பெயர். தேர் நாளில் கடை திறக்க வேண்டும் என்று முதலாளி நின்றால், திறக்கும் மூன்று பேரில் ஒருவர் நீங்கள்.

தேரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. ஒவ்வொரு யோசனைக்கும் மறுப்புச் சொல்லும் ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார். 'முட்டுக்கட்டை போடுகிறவர்' என்று அவரை ஒதுக்குவோம். தேர் ஓடும்போது சில்லோடு சில்லாக நடந்து கட்டை போடுபவரைக் கவனித்திருக்கிறீர்களா? வடம் பிடிப்பவர்களுக்குச் சில்லு தெரியாது. எப்போது திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது அந்தக் கட்டைக்காரர் கையில்தான் இருக்கிறது. எங்கள் கடையில் அப்படி ஒருவர் இருந்தார், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், களஞ்சியப் பொறுப்பாளர். முதல் இரண்டு வருடம் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. புதிய விலைக் கழிவுத் திட்டம் ஒன்று வந்தபோது, "இது கணக்கில் முட்டும்" என்று அவர் ஒருவர்தான் சொன்னார். நான் கேட்கவில்லை, முட்டியது. அதற்குப் பிறகு எந்தத் திட்டத்தையும் முதலில் அவரிடம் காட்டுவேன்.

வேலை செய்கிறதா என்று அறிவது

எண்ணிப் பார்க்கக்கூடிய சிலவற்றை மட்டும் மாதா மாதம் எழுதுங்கள்: சொல்லாமல் வராமல் விட்ட நாட்கள், விலகியவர்கள், ஆட்களாக வந்து சொன்ன யோசனைகள், அவற்றில் நீங்கள் நிறைவேற்றியவை. கடைசி இரண்டுக்கும் இடையில் தூரம் கூடிக்கொண்டே போனால் பிழை உங்களிடம். சிரிப்பை எண்ணாதீர்கள். அந்தப் பையனும் சிரித்தான்.

இன்னொரு அடையாளமும் உண்டு, அதற்குக் காலம் எடுக்கும். களஞ்சியத்துக்கு ஒரு மின்விசிறி போட்டுத் தருவதாக மாசி மாதம் சொல்லியிருந்தேன். சித்திரை வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல், புதிய பற்றுச்சீட்டு முறை பற்றி நான் நீளமாக விளக்கிக்கொண்டிருந்தேன். களஞ்சியப் பொறுப்பாளர் கழுத்தைத் துவாயால் துடைத்தபடி, "பேச்சுப் பல்லக்கு..." என்று சொல்லி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவர் என்னை எப்போதும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி கால்நடை" என்று நானே முடித்துவிட்டு, மின்சாரப் பொருட்கள் இருக்கும் பகுதிக்குப் போய் ஒரு விசிறிப் பெட்டியை எடுத்து வந்தேன். ஏணியை அவர் பிடித்தார்.